குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் ஆர்சனிக் இருக்கிறதா? முற்றத்தில் வைத்தே பார்க்கும் முறை

திருகோணமலை மாவட்டத்து மூதூரில் அக்கா வீட்டில் புதிதாகக் குழாய்க்கிணறு அடித்தார்கள். தண்ணீர் வந்ததும், பிள்ளைகளுக்கு இதைக் குடிக்கக் கொடுக்கலாமா என்று கேட்டார். நிலத்தடி நீரில் ஆர்சனிக் என்ற நஞ்சு கரைந்திருக்கலாம். அது இருக்கிறதா என்று பார்க்கச் செய்ததை இங்கே எழுதுகிறேன்.

மூதூர், வெருகல் பக்கம் ஆர்சனிக் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் மகாவலி கொட்டியாரக் குடாவில் போய்ச் சேரும் அந்தப் பகுதி வண்டல் நிலம். வங்காளதேசமும் வண்டல் நிலம்தான். அங்கே குளத்து நீரால் வந்த வயிற்றோட்டத்தைத் தடுக்க 1970களில் ஊர் ஊராகக் குழாய்க்கிணறு போட்டார்கள். அதில் ஆர்சனிக் இருப்பது 1993இல்தான் தெரியவந்தது. நிறம், மணம், சுவை எதுவும் காட்டிக்கொடுக்காது. தோலில் புள்ளிகளும் உள்ளங்கைத் தடிப்பும் வெளியே தெரியவே வருடக்கணக்காகும். அதனால் புதுக் கிணறு என்றால் பார்த்துவிட்டுத்தான் குடிக்க வேண்டும்.

எந்த டெஸ்ட் கிட்?

மூன்று பொடிகள் உள்ளதை வாங்குங்கள்: ஒன்று அமிலம், அடுத்தது ஒட்சியேற்றி (ஒட்சிசன் ஏற்றும் பொருள்), கடைசி நாகத் தூள் (நாகம் என்பது துத்தநாகம், zinc). நடுப்பொடி இல்லாத மலிவான கிட்டை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். காரணம் கீழே வருகிறது.

தண்ணீர் எடுப்பது

எனக்கு அதிகம் நேரம் எடுத்தது இந்த இடம்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மோட்டரைப் போட்டு ஐந்து, பத்து நிமிடம் ஓட விடுங்கள். குழாயில் தேங்கி நின்ற நீர் போய், கையில் ஒரே குளிர்ச்சியாக வரும்வரை பொறுங்கள். பிறகு பிடித்த தண்ணீரை அங்கேயே, அப்போதே பரிசோதியுங்கள். போத்தலில் அடைத்து ராத்திரி வைத்துவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள்.

ஏன் என்றால், நிலத்தடியில் காற்றுப் படாத இடத்தில் இரும்பு கரைந்து கிடக்கும். ஆர்சனிக்கும் அதோடு சேர்ந்து வெளிவரும். தண்ணீர் மேலே வந்து காற்றுப் பட்டதும் இரும்பு செம்மஞ்சள் தூளாகத் திரளும். ஆர்சனிக் அந்தத் தூளில் ஒட்டிக்கொண்டு போத்தலின் அடியில் படியும். மேலே தெளிந்த நீரை ஊற்றிச் சோதித்தால் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். வாளியில் செங்கறை படியும் கிணறுகளில் இதை மறக்கவே கூடாது. ஆய்வுகூடத்துக்குக் கொடுப்பதானால், அமிலம் இட்ட போத்தலை அவர்களிடமே கேட்டு வாங்குங்கள்.

சோதனை

இது சுலபம். பொடிகளைக் கிட்டின் செய்முறைத் தாளில் சொன்ன வரிசையில் போட்டு, சொன்ன நேரம் குலுக்குங்கள். நாகத் தூள் போட்டதும் நுரைக்கும். உடனே சோதனைத் தாள் செருகிய மூடியை மூடுங்கள். ஆர்சனிக் இருந்தால் ஆர்சீன் என்ற வாயுவாக எழும்பி, வெள்ளைத் தாளை மஞ்சளாக, கூடினால் பழுப்பாக மாற்றும். அந்த வாயு நஞ்சு. தாளில் இருப்பது பாதரச உப்பு. ஆகவே வீட்டுக்குள் செய்யாதீர்கள், தாளைத் தொடாதீர்கள், சின்னப் பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். நிறத்தை நிழலில் வைத்து, கிட்டில் உள்ள நிற அட்டையோடு உடனே ஒப்பிட்டுப் பாருங்கள். கொஞ்சம் நேரம் போனால் நிறம் மாறிவிடும்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லீற்றருக்கு 10 மைக்ரோகிராம். வங்காளதேசம் வைத்திருப்பது 50. பத்துக்குப் பக்கத்தில் வரும் மெல்லிய மஞ்சளைக் கண்ணால் நம்ப வேண்டாம். அப்படி வந்தால் ஆய்வுகூடம்தான்.

பின்சேர்க்கை: கிண்ணியாவிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார், களப்புப் பக்கத்துக் கிணறு, கூழ்முட்டை மணம், தாள் நிறம் மாறியது, ஆர்சனிக்கா என்று. அந்த மணம் ஐதரசன் சல்பைட்டு. அதுவும் தாளை நிறம் மாற்றும். நடுப்பொடி இருப்பது அதை அழிக்கத்தான். அதைப் போட்ட பிறகு செய்முறைத் தாளில் சொன்ன நேரம் முழுவதும் காத்திருந்து, அப்புறம் நாகத் தூள் போட்டு மறுபடி பாருங்கள்.

இன்னொருவர் கொதிக்க வைத்தால் போகுமா என்று கேட்டார். போகாது, நீர் வற்ற வற்ற ஆர்சனிக்கின் செறிவு கூடத்தான் செய்யும். அளவு மீறினால் குடிக்கவும் சோறு சமைக்கவும் வேறு நீர் எடுங்கள்: மழைநீர், நீர் வழங்கல் சபைக் குழாய் நீர், அல்லது சோதித்துப் பார்த்த அயல் கிணறு. பக்கத்து வளவிலேயே அளவு வேறாக இருக்கலாம், அதனால் ஒவ்வொரு கிணற்றையும் தனித்தனியே பார்க்க வேண்டும். குளிக்கவும் துணி துவைக்கவும் அளவு மீறிய அந்தக் கிணற்றையே பாவிக்கலாம். தோல் வழியாக ஆர்சனிக் மிகக் குறைவாகவே உள்ளே போகும்.