ஆற்று நீராவிப் படகில் பாய்லர் பார்ப்பது

சூளூர்பேட்டை, தடா பக்கத்து அரிசி ஆலைகளில் பாய்லர் பார்த்தவருக்கு 19ஆம் நூற்றாண்டு நீராவிப் படகின் வேலை பாதி தெரிந்ததுதான். ஆலை பாய்லர் நின்ற இடத்தில் நிற்கும். படகில் இருப்பது சாயும், குலுங்கும். அது குடிக்கும் தண்ணீரும் வழியெல்லாம் மாறும். மீதிப் பாதி அதில்தான் இருக்கிறது.

தீ மூட்டுமுன் தண்ணீரைப் பாருங்கள். பாய்லர் முகப்பில் மேலும் கீழுமாக மூன்று சோதனைக் குழாய்கள் இருக்கும். ஓடும் பாய்லரில் மேல் குழாய் ஆவியும் கீழ்க்குழாய் தண்ணீரும் தரவேண்டும். நடுக்குழாயில் இரண்டும் கலந்து வரும். குளிர்ந்த பாய்லரை நடுக்குழாய்க்குச் சற்றுக் கீழே வரை நிரப்பினால் போதும். சூட்டில் மட்டம் தானாக ஏறும். கண்ணாடிக் குழாய் இருந்தாலும் அதை மட்டும் நம்ப வேண்டாம். அதன் வாயில் சேறு அடைத்தால் பொய் மட்டம் காட்டும்.

விறகுக்கு நன்றாகக் காய்ந்த சவுக்கைப் போல வேறில்லை. கடலோரத்தில் அதைத் தோப்பாக வளர்த்ததே முதலில் ரயில் என்ஜின்களுக்காகத்தான். முதலில் சிறு தீ. அவசரப்பட்டால் தகடு ஒரு பக்கம் மட்டும் விரிந்து, ரிவெட் ஓரங்களில் கசியத் தொடங்கும். ஆவி ஏறியபின் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி போடுங்கள். கதவைத் திறந்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தால் குளிர்காற்று டியூப் முனைகளைத் தளர்த்திவிடும்.

என்ஜினை ஓட்டுமுன் சிலிண்டரின் வடிகால் குழாய்களைத் திறந்து, ஆவியைச் சிறிதாக விட்டுச் சூடேற்றுங்கள். உள்ளே தங்கிய தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் வந்து இடித்தால் சிலிண்டர் மூடி உடையும்.

பெரிய ஆபத்து ஓடும்போது அல்ல, படகு துறையில் நிற்கும்போது. மிசிசிப்பியின் ஆரம்பகாலப் படகுகளில் பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பை என்ஜினே இயக்கியது. படகு நின்றால் பம்பும் நிற்கும், உலை மட்டும் எரியும். பிறகுதான் சொந்தச் சிறு என்ஜினோடு தனி பம்பு வந்தது. படகுக்காரர்கள் அதை ‘டாக்டர்’ என்றார்கள். இன்னொன்று, ஏறி இறங்கும் கூட்டம் ஒரு பக்கம் ஒதுங்கினால் வரிசையாக இணைத்த பாய்லர்களில் தண்ணீர் தாழ்ந்த பக்கம் ஓடிவிடும். உயர்ந்த பக்கத்துப் பாய்லரில் தீப்புகை செல்லும் உள் குழாய் காய்ந்து பழுக்கும். படகு நிமிர்ந்ததும் அந்தத் தண்ணீர் பழுத்த இரும்பில் விழும்.

கீழ்க்குழாயிலும் தண்ணீர் வரவில்லையா? பம்பைத் தொடாதீர்கள், சேஃப்டி வால்வைத் தூக்காதீர்கள். ஈரச் சாம்பலை அள்ளிப் போட்டுத் தீயை அமுக்குங்கள், காற்று வழியை அடையுங்கள், தானாக ஆறவிடுங்கள். சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு அழுத்தத்தில் உள்ளே இருக்கும் தண்ணீர் சுமார் 170 டிகிரி செல்சியஸ். தகடு கிழிந்தால் அதில் ஒரு பகுதி நொடியில் ஆவியாகும். 1865 ஏப்ரல் 27 அன்று மெம்ஃபிஸ் நகருக்கு அருகே மிசிசிப்பியில் ‘சுல்தானா’ என்ற நீராவிப் படகு வெடித்தது இப்படித்தான். 376 பேருக்கான படகில் 2,000 பேருக்கு மேல். கசிந்த பாய்லருக்கு அவசர ஒட்டு வேறு. 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சேஃப்டி வால்வின் கோலில் கூடுதல் எடை தொங்கவிடுபவனை உலைப் பக்கமே விடக்கூடாது.

பழவேற்காடு ஏரியிலும் பக்கிங்காம் கால்வாயிலும் தண்ணீரே தலைவலி. முகத்துவாரம் திறந்திருந்தால் உப்பு, மழையில் சேறு. முடிந்தவரை நல்ல தண்ணீரைத் தொட்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். உப்புநீர்தான் என்றால் உப்புமானியால் அளக்க வேண்டும்: கடல்நீரில் 32இல் 1 பங்கு உப்பு, பாய்லர் நீர் 32இல் 3ஐ எட்டுமுன் பாய்லரின் அடியில் உள்ள வடிகால் குழாயைச் சிறிது திறந்து வெளியேற்றிப் புதுநீர் விடுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் உப்பு தகட்டில் கட்டியாகப் படிந்து, அதன் பின்னால் இரும்பு பழுத்துப் புடைக்கும்.

வேலை முடிந்ததும் சூடான பாய்லரை முழுதாகக் காலி செய்யாதீர்கள். தங்கிய சேறு சுடுதகட்டில் சுட்டு ஒட்டிக்கொள்ளும். பிறகு உளியால்தான் பெயர்க்க வேண்டும். முழுதாக ஆறியபின் வடித்து, ஈரம் காயுமுன் உள்ளே கழுவுங்கள்.