விண்வெளி நிலையத்துக்கு ஒரு ஓடுகாலியாத்தா: பழங்கதை கட்டும் விதம்

எதிர்கால உலகம் ஒன்றை எழுதுகிறீர்கள். அந்த மக்களுக்கென்று ஒரு பழங்கதையும் வேண்டும். மாவீரனில் தொடங்காதீர்கள், சலித்துப்போய்விட்டது. முதலில் வாய்க்கால் வெட்டுங்கள்.

பவானியில் பிரியும் காலிங்கராயன் வாய்க்காலைப் பாருங்கள். 13ஆம் நூற்றாண்டு வேலை. ஏறத்தாழ 90 கி.மீ. கோணக்கோண ஓடி, கொடுமுடிப் பக்கம் நொய்யலில் சேர்கிறது. மட்டம் சட்டென்று இறங்கிவிடாமல் மேட்டோரமாகவே தண்ணீரைக் கொண்டுபோனால்தான் வழிநெடுக வயலுக்குப் பாயும், வளைவெல்லாம் அதற்காகத்தான். எங்கள் அப்பாரு இதைச் சொல்ல மாட்டார். மடையைத் திறந்துவிட்டு, மம்பட்டியை ஊன்றி நின்றபடி, "பாம்பு போன தடத்துலயே வெட்டுனாங்க சாமி" என்பார். கணக்கு மறந்துபோன இடத்தில் பாம்பு வந்து படுத்துக்கொண்டது. நமக்கு வேண்டிய முறை இதுதான்.

உங்களுடையது சுழலும் விண்வெளி நிலையம் என்று வைத்துக்கொள்வோம். ஆரம் 10 மீட்டர். சுழற்சியால் விளிம்பில் பூமி எடையில் மூன்றில் ஒரு பங்கு கிடைக்கும். அப்படியானால் விளிம்பின் வேகம் நொடிக்குச் சுமார் 5.7 மீட்டர். அதே வேகத்தில் சுழற்சிக்கு எதிர்ப்பக்கம் ஓடினால் எடை முழுக்கப் போய்விடும், கால் தரையில் பாவாது. இந்தக் கணக்கை உங்கள் நோட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கதைக்குள் ஒருத்தர் வாயிலும் வரக்கூடாது.

ஏழு தலைமுறை கழித்து அங்கே பிறந்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான்: கல்யாணம் கட்டிக்கொடுத்த வீடு பிடிக்காமல் ஒருத்தி எதிர்ப்பக்கம் ஓடினாள், தரை அவளைக் கைவிட்டது. ஓடுகாலி என்று ஏசிய ஊர், இப்போது ஓடுகாலியாத்தா என்று கும்பிடுகிறது. எல்லோரும் சுழலும் பக்கமே நடக்கிறார்கள்.

அடுத்து, யாராவது எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டும். தன் வம்சம் அந்தத் தண்ணீரைத் தொடாது என்று சத்தியம் செய்து, வாய்க்காலை வெட்டிய காலிங்கராயன் பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்குப் போய்விட்டார் என்பார்கள். வெறும் பாம்போடு நின்றிருந்தால் அது பிள்ளைகளைத் தூங்கவைக்கும் கதையாகத்தான் இருந்திருக்கும். ஆத்தாளின் வம்சத்தார் எதிர்ப்பக்கம் திரும்பவே மாட்டார்கள் என்று வையுங்கள். பத்தடி பின்னால் பிள்ளை அழுதாலும் முன்பக்கமாகவே சுற்றி 60 மீட்டர் நடந்து வந்துதான் தூக்குவார்கள்.

பிறகு நோம்பி, அதாவது திருவிழா. கொங்கு நாட்டில் பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பியின் வீரக்கதையான அண்ணன்மார் கதையை உடுக்கையோடு இரவிரவாகப் பாடுவார்கள். போர்க்களக் காட்சியான படுகளத்தில் மாண்டவர்களாகச் சாய்ந்தவர்களை எழுப்பும்போது பார்க்கிற சனமும் கதைக்குள் போய்விடும். உங்கள் ஊர் வருசத்துக்கு ஒருநாள் எதிர்ப்பக்கம் நடக்கட்டும். சாதாரண நடைக்கே எடை பாதிக்குப் பக்கமாக இறங்கிவிடும். அருள் வந்தது என்பார்கள், பொய்யும் இல்லை.

ஒரு கிழவரை உட்காரவைத்து முதல் அத்தியாயத்திலேயே முழுக்கதையையும் சொல்ல விடாதீர்கள். சமையல்கட்டில் ரெண்டு பேர் அதை வைத்துச் சண்டை போடட்டும்: புருசனை விட்டு ஓடினாளா, மாமியாரை விட்டா? கடைசியில் விஞ்ஞானி வந்து விளக்குவது எனக்கு ஆகவே ஆகாது. கதையை நம்பாத ஆள் ஒருத்தர் இருக்கட்டும். அவருக்கும் கணக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.