வாஷிங்டன் குடும்பப் பெயரைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாஷிங்டன் என்றால் அமெரிக்கத் தலைநகரம்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தக் குடும்பப் பெயர் பிறந்தது வடக்கு இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியிலிருந்த வாஷிங்டன் என்ற கிராமத்தில். 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வில்லியம் டி ஹெர்ட்பர்ன் என்பவர் அந்த ஊர் நிலத்தை டர்ஹாம் பிஷப்பிடமிருந்து பெற்றார், பெயரையும் ஊரின் பெயருக்கு மாற்றிக்கொண்டார்.

அதை வைத்து எல்லா வாஷிங்டன்களையும் அவர் வாரிசுகளாக்கிவிடக் கூடாது. சாதாரணக் குடும்பங்களுக்கு ஊர்ப்பெயர் ஒட்டியது பெரும்பாலும் ஊரைவிட்டுப் போன பிறகுதான். ஒரே ஊரிலிருந்து கிளம்பிய இரண்டு பேருக்கு ரத்த உறவே இல்லாமல் இருக்கலாம். போதாததற்குத் தெற்கே சசெக்ஸிலும் ஒரு வாஷிங்டன் கிராமம் உண்டு.

இன்றைய எழுத்துக்கூட்டலில் மட்டும் தேடினாலும் ஏமாற்றம்தான். பழைய ஏடுகளில் வெசிங்டன் என்றும் வரும். 1974க்குப் பிறகு வடக்கே உள்ள வாஷிங்டன் ஊர், டைன் அண்ட் வேர் என்ற வேறு மாவட்டத்தின் எல்லைக்குள் போய்விட்டது, பழைய ஆவணங்களுக்கோ டர்ஹாமில்தான் தேட வேண்டும்.

“ஜார்ஜ் வாஷிங்டனின் நேர் வாரிசு” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1799இல் இறந்த அவருக்குச் சொந்தப் பிள்ளைகளே இல்லை. 1650களில் வர்ஜீனியாவுக்கு வந்த அவருடைய கொள்ளுத் தாத்தா ஜானின் வழியில் வந்தவர் என்றால் பேசலாம். இந்தப் பெயருக்கான குலச்சின்னம் என்று விற்பதையும் வாங்காதீர்கள். ஆங்கிலேய மரபில் சின்னம் தனிமனிதருக்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் உரியது, பெயருக்கு உரியதல்ல.

அப்புறம், பலர் சறுக்கும் இடம் ஒன்று. 2010 கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் இந்தப் பெயர் கொண்டவர்கள் சுமார் 1.77 லட்சம். அவர்களில் 87 சதவீதத்துக்கும் மேல் கறுப்பினத்தவர். உடனே ‘இவர்களின் முன்னோர் எல்லாரும் ஜார்ஜ் வாஷிங்டன் பண்ணையில் அடிமைகளாக இருந்தவர்கள்’ என்று முடிவு கட்டுகிறார்கள். அது தவறு. விடுதலைக்குப் பின் பலர் தங்கள் குடும்பப் பெயரைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன், சிறுவனாகப் பள்ளியில் பெயர் கேட்டபோது அந்த நிமிடமே சொன்ன பெயர் இது. அவருடைய வளர்ப்புத் தந்தையின் முதற்பெயர் வாஷிங்டன்.

இந்தக் குடும்பங்களைத் தேடுவோர் 1870 கணக்கெடுப்பிலிருந்து தொடங்குவது நல்லது. 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் அநேகமாக வயது, பால், நிறம் மட்டுமே இருக்கும், அதுவும் எஜமானரின் பெயருக்குக் கீழே. அந்த எஜமானரின் பெயர் வாஷிங்டனாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.