பள்ளிக்கூடத்தை விட்டு வந்தபோது

காரைக்குடியில் ஒரு தனியார் பள்ளியில் 14 வருடம் வரலாறு எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமையும் விடைத்தாளோடு போக, உடம்பு தாங்கவில்லை.

"வாத்தியார் வேலையை விட்டா வேற என்னப்பா தெரியும் உனக்கு?" என்றார் அம்மா. நோட்டை எடுத்துத் தெரிந்ததையெல்லாம் எழுதினேன். பாடநூல் பதிப்பகம், ஆன்லைன் டியூஷன், கம்பெனிப் பயிற்சியாளர் என்று யோசித்துவிட்டு, கடைசியில் கானாடுகாத்தானின் பழைய செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்டியானேன். இதுவும் வகுப்புதான், சுவர் மட்டும் இல்லை.

தரையில் பதிக்கும் பூக்கல் (டைல்ஸ்) செய்கிற ஆத்தங்குடிக்கும் கூட்டிப்போவேன். கண்ணாடி மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஒவ்வொரு கட்டமாக ஊற்றுவார்கள். மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துவார்கள். சூளையே கிடையாது; தண்ணீரில் ஊறி, காய்ந்ததும் கண்ணாடி தானாக விடும். அந்தப் பளபளப்பைப் பார்த்துப் பிள்ளைகள் வாய் பிளப்பது எனக்கு இன்னும் சலிக்கவில்லை.

அப்புறம், என்னைப் போல வேலையை விடுகிற ஆசிரியர்களே, பணிக்கொடையை (கிராஜுவிட்டி, வேலையை விடும்போது நிர்வாகம் தரும் தொகை) விட்டுவிடாதீர்கள். 2009 சட்டத் திருத்தம் தனியார் பள்ளி ஆசிரியருக்கும் அதை உறுதி செய்தது. பள்ளியில் முதலில் மறுத்தார்கள். திருத்தத்தைச் சுட்டி எழுத்தில் கேட்டேன். கடைசி மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து, 26ஆல் வகுத்து, 15ஆலும் பணியாற்றிய வருடங்களாலும் பெருக்கிக் கொடுத்தார்கள். முதல் ஆறு மாத வீட்டு வாடகை அந்தப் பணம்தான்.