மண்வெட்டியில் தாங் அகப்பட்டால்

மொரீசியஸில் குளிர்காலமான மே முதல் அக்டோபர் வரை தோட்டத்தைக் கொத்தும்போதோ, மட்கிய இலைக்குவியலைக் கிளறும்போதோ, சில்லிட்டுச் சுருண்ட தாங் ஒன்று வெளியே வரலாம். டென்ரெக் என்றும் சொல்வார்கள். மடகாஸ்கரிலிருந்து கொண்டுவரப்பட்ட முள்மயிர் விலங்கு. அது மாதக்கணக்கில் நீளும் குளிர்கால உறக்கத்தில் இருக்கலாம், செத்ததென்று வீசிவிடாதீர்கள். பாவம் பார்த்து வெயிலில் வைப்பது அதைவிட மோசம்.

முதலில் தடித்த கையுறை. கடிக்கும், சிறுநீரில் எலிக்காய்ச்சல் கிருமியும் இருக்கலாம். பிறகு விலாவை ஐந்து நிமிடமாவது உற்றுப் பாருங்கள். மூச்சு மிக மெதுவாக வரும். அழுகல் நாற்றம் இருந்தால் செத்துவிட்டது என்று கொள்ளலாம்.

உறங்கும் தாங்கின் உடல் சூடு ஏறக்குறைய மண்ணின் சூடுதான். கோடையில் சேர்த்த கொழுப்பைத் துளித்துளியாக எரித்தே மாதக்கணக்கில் ஓட்டுகிறது. மடகாஸ்கரில் ஒன்று ஒன்பது மாதம் ஒருமுறைகூட விழிக்காமல் கிடந்ததாக 2014இல் ஆய்வுக் கட்டுரை வந்தது. சூடேற்றினால் அந்த எரிப்பு பல மடங்கு கூடும். செலவான கொழுப்பை ஈடுகட்ட அந்தப் பருவத்தில் புழு பூச்சி போதாது.

குளிர்கால உறக்கம் என்றதும் நினைவுக்கு வரும் கரடியின் கணக்கு வேறு. அதன் உடல் சூடு 30 டிகிரிக்குக் கீழே பெரும்பாலும் இறங்காது. ஆனாலும் உடலின் எரிப்பு வழக்கத்தில் கால்வாசியாகக் குறையும். மாதக்கணக்கில் சிறுநீர் கழிக்காது. யூரியா குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிர்கள் அதை உடைக்க, நைட்ரஜன் திரும்பவும் புரதமாகிறது. பட்டினி கிடந்தும் தசை பெரிதாகக் கரையாததற்கு இதுவும் ஒரு காரணம்.

குழி சிதையாமல் இருந்தால் அதிலேயே வைத்து, உதிரி மண்ணையும் சருகையும் மேலே தளர்வாகப் போடுங்கள், மிதிக்காதீர்கள். சிதைந்திருந்தால் மரப்பெட்டியில் 15–20 செ.மீ. காய்ந்த சருகு நிரப்பி, 15 செ.மீ. வாசல் விட்டு, நாய் எட்டாத நிழலில் தரையோடு வையுங்கள். தகரக் கொட்டகை வேண்டாம், மதியத்தில் கொதிக்கும். குளிர்பெட்டியும் வேண்டாம். பால், தண்ணீர் எதையும் வாயில் ஊற்றக் கூடாது. விழுங்கும் திறன் குறைந்திருப்பதால் நுரையீரலுக்குப் போய்விடும்.

தானாகவே விழித்துச் சீறினால் பக்கத்தில் ஆழமில்லாத தட்டில் தண்ணீர் வைத்துவிட்டு விலகுங்கள். மண்வெட்டி வெட்டியிருந்தால் அங்கேயே விட்டுவிடக் கூடாது: பெட்டியில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள், உறக்கத்தில் இருந்தது என்பதை மறக்காமல் சொல்லுங்கள். கையுறையைக் கழற்றியதும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள்.