இரண்டாம் தவணைக் கலைவிழா: பிள்ளைகளை வெயிலில் நிறுத்தாமல் நடத்துவது எப்படி

சித்திரைப் புத்தாண்டு விடுமுறை முடிந்து பாடசாலை திறந்த முதல் வாரத்திலேயே ஒரு பெரிய நாட்காட்டியை ஆசிரியர் அறைச் சுவரில் மாட்டுங்கள். விழா வைக்க முடியாத நாட்களை எல்லாம் சிவப்புப் பேனையால் வெட்டுங்கள். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அப்படி வெட்டிக்கொண்டே போனால் கடைசியில் கொஞ்ச நாட்கள்தான் மிஞ்சும்.

வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கும் குளிர்த்தியும் வரும். செட்டிபாளையம், ஆரையம்பதி, காரைதீவு, தம்பிலுவில் மாதிரி ஊர்களில் அந்த நாட்களில் ஊரே கோயிலில்தான் நிற்கும். ஒத்திகைக்குப் பிள்ளை வராது, வரச்சொல்வதும் சரியில்லை. பிறகு கதிர்காமப் பாதயாத்திரை. உகந்தை, குமண வழியாகக் காட்டுக்குள்ளால் நடக்கும் குடும்பங்களோடு பிள்ளைகளும் போய்விடுவார்கள். ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயில் தீர்த்தம். இதற்கிடையில் தமிழ்த்தினப் போட்டி கோட்டம், வலயம், மாகாணம் என்று படிப்படியாக நடக்கும். வெசாக், பொசன் இருக்கிறது. தவணைப் பரீட்சை இருக்கிறது. சிறுபோக வேளாண்மை வெட்டுத் தொடங்கிவிட்டால் தகப்பன்மார் ஒருவரும் வரமாட்டார்கள். பக்கத்து முஸ்லிம் பாடசாலையையும் அழைப்பதாக இருந்தால் அவர்களின் பெருநாளையும் வெள்ளிக்கிழமையையும் சேர்த்து வெட்டுங்கள்.

மிஞ்சும் நாட்களில் நான் எப்போதும் கேட்பது யூலை 19ஐ ஒட்டிய ஒரு நாளை. சுவாமி விபுலானந்தர் மறைந்த நாள் அது. இன்னொரு யோசனையும் சொல்வேன்: பௌர்ணமிப் போயாவுக்கு முதல் நாள் கிடைத்தால் விட வேண்டாம். அடுத்த நாள் விடுமுறை என்பதால் ஆடிக் களைத்த பிள்ளை நன்றாகத் தூங்கி எழும்பும். வீட்டுக்குத் திரும்பும் வழியில் நிலா வெளிச்சமும் இருக்கும்.

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறேன். விழாப் பொறுப்பு எங்கள் பாடத்துக்காரர் தலையில்தான் விழும் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். புதிதாக நியமனம் பெற்று வரும் தம்பி, தங்கச்சிமாருக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: பிள்ளை வெயிலில் காத்திருக்கக் கூடாது. பிரதம விருந்தினர் வரும்வரை பாண்ட் வாத்தியப் பிள்ளைகள் நீளக்கை உடுப்போடும் தொப்பியோடும் வாசலில் ஒரு மணித்தியாலம் நின்று, ஒன்றிரண்டு பேர் மயங்கி விழுந்து, பிறகும் நேரே நிற்கச் சொல்லப்பட்டதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அதைக் கண்ட பிறகு என் விழாத் திட்டத்தில் எல்லா முடிவும் இந்த ஒன்றிலிருந்துதான் தொடங்கும்.

நேரமும் திடலும்

காலை 9 மணிக்கு அழைப்பிதழ் அடிப்பது பழைய வழக்கம். விருந்தினர் வந்து விளக்கேற்றும்போது 10.30 ஆகிவிடும், நிகழ்ச்சிகள் உச்சி வெயிலில் நடக்கும். பின்னேரம் 3.30க்குத் தொடங்கி 6 மணிக்கு முடியுங்கள். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் என்றால் இரவு 8 மணிவரை போகலாம். எங்கள் பக்கம் பொழுதுபட்டால் யானை றோட்டுக்கு வந்துவிடும். சைக்கிளில் வயல்வழியே போகும் பிள்ளைகளும், குருமண்வெளித் துறையை மிதவைப் பாதையில் கடக்க வேண்டிய பிள்ளைகளும் இருளுக்கு முதல் வீடு சேர வேண்டும்.

மேடையை எங்கே போடுவது என்பதில் பலர் கவனம் வைப்பதில்லை. இந்த மாதங்களில் கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து வரண்டு, சுடச்சுட வீசும். மேடையைத் திடலின் தென்புறம் வடக்குப் பார்க்க வையுங்கள். காற்று மேடைக்குப் பின்னாலிருந்து வருவதால் சத்தத்தைச் சபைப் பக்கம் கொண்டுபோகும். பின்னேர வெயில் பார்ப்பவர்களின் வலப்பக்கம் விழும், முகத்தில் அடிக்காது. அந்த மேற்குப் பக்கத்தை மட்டும் கிடுகால் உயர அடைத்துவிட்டால் போதும். தூசி பறக்காமல் மதியம் 2 மணிக்கும் 3 மணிக்கும் திடலுக்குத் தண்ணீர் தெளியுங்கள். பின்திரையாகப் பெரிய பிளாஸ்டிக் பதாகை கட்டினால் காற்று அதை நிறைத்துக் கம்பத்தையே சாய்த்துவிடும். தென்னோலைத் தட்டியும் குருத்தோலைத் தோரணமும் காற்றை ஊடே விடும், பார்க்கவும் அழகு. கூரைக்கும் தகரத்தை விடக் கிடுகு நல்லது. ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதியை ஒரு வாரத்துக்கு முதலே எழுதிக் கேளுங்கள்.

ஒவ்வொரு இல்லத்துக்கும் ஒரு தண்ணீர்ப் பானை வையுங்கள். வேடம் கட்டும் பிள்ளைகளுக்கு அது போதாது. ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு மட்டமாக அளந்து கரைத்து, கொஞ்சம் தேசிக்காய் பிழிந்து, ஒப்பனை அறையிலேயே வையுங்கள். உப்பை ஒருபோதும் கண்மட்டத்தில் போட வேண்டாம். யாருக்காவது தலைசுற்றினால் நிழலில் கிடத்தி, உடுப்பைத் தளர்த்தி, ஈரத்துணி போட்டு, கால்களைச் சற்று உயர்த்துங்கள். பேச்சுத் தடுமாறினால் அல்லது உடம்பு நெருப்பாய்ச் சுட்டு நினைவு தவறினால் யோசிக்காமல் 1990க்கு எடுங்கள்; அம்புலன்ஸ் இலவசமாகவே வரும். வரும்வரை உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே இருங்கள்.

கூத்து

நேரம் குறைவு, கூத்து வேண்டாம், சினிமாப் பாட்டுக்கு இரண்டு நடனம் போதும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த மண்ணில் படிக்கும் ஒரு பிள்ளை பாடசாலையை விட்டுப் போவதற்கு முதல் ஒரு தடவையாவது மத்தளத்துக்கு முன்னால் காலை வைத்து ஆட வேண்டும். விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கினால் பழுதாகிவிடும் என்ற பயமும் வேண்டாம். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அதைச் சுருக்கி மேடையேற்றிக் காட்டினார். அவரிடம் அன்று மாணவராக ஆடிய எங்கள் மட்டக்களப்பு சி. மௌனகுரு பின்னாளில் பேராசிரியரானார்.

நமக்கு அரை மணித்தியாலம் போதும். முழுக் கதையையும் சுருக்காமல், ஒரு கதையில் ஒரு துண்டை எடுங்கள். இரண்டு பாத்திரங்களின் வரவு, அவர்களுக்கிடையே ஒரு தர்க்கம், கடைசியில் ஒரு போர். வடமோடி என்ற கூத்து வகையில் இது சிறப்பாக அமையும். எட்டுப் பிள்ளைகள் ஆடலாம், பன்னிரண்டு பேர் பிற்பாட்டுப் பாடலாம்.

கூத்துப் பழக்கும் அண்ணாவியாரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டாம். அதிபரையும் கூட்டிக்கொண்டு வெற்றிலை பாக்கோடு வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். அவர் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவராக இருக்கலாம்; கூத்தாடும் இடமான களரியில் அவர்தான் ஆசிரியர், நாங்கள் உதவியாட்கள். யாருக்கு எந்தப் பாத்திரம் என்று அவரையே முடிவு செய்ய விடுங்கள். குரலையும் காலையும் பார்த்து அவர் தெரிவு செய்யும் பிள்ளை, நாங்கள் வழக்கமாக மேடைக்கு அனுப்பும் பிள்ளையாக அனேகமாக இருக்காது. வகுப்பில் வாய் திறக்காத பொடியன் அரசனாக வந்து நிற்பான். பெண்பிள்ளைகளும் ஆடட்டும், ஊர்க் களரியில் வழக்கமில்லை என்று யாராவது சொன்னால், பாடசாலைகளில் இப்போது ஆடுகிறார்கள் என்று மரியாதையாகச் சொல்லுங்கள்.

ஊரில் நடக்கும் ஒழுங்கையே சிறிதாக்கிப் பின்பற்றுங்கள். மே மாதத்தில் சட்டம் கொடுத்தல். பாத்திரத்துக்குரிய பாட்டுக் கொப்பியைப் பெற்றோர் முன்னிலையில் பிள்ளையின் கையில் கொடுப்பது இது. அதன் பிறகு அந்தப் பிள்ளை பழக்கத்துக்கு வராமல் நிற்பது அரிது. முதல் இரண்டு மூன்று வாரம் பாட்டைத் தொடாமல் தாளமும் ஆட்டமும் மட்டும். யூன் கடைசியில் சதங்கை அணிதல். விழாவுக்கு ஒரு வாரம் முதல் அடுக்குப் பார்த்தல், அதாவது முழு ஒத்திகை. பழக்க நேரம் காலை 6.30 முதல் 7.15 வரை, பின்னேரம் என்றால் பிள்ளைகள் ரியூசனுக்கு ஓடுவார்கள், வெயிலும் அடங்காது. சீமெந்துத் தரையில் ஆடவிட வேண்டாம், முழங்கால் நோகும். மணலில் ஆடட்டும்.

களரியை வட்டமாகவே போடுங்கள். இருபது அடி விட்டம், சுற்றிவரச் சபை, வேம்போ வாகையோ இருந்தால் அதன் நிழலில். வட்டத்தில் இருந்தால் நிறையப் பிள்ளைகளுக்கு முன்வரிசை கிடைக்கும். பின்னேரம் 4 மணிக்கும் மணல் வெறுங்காலைச் சுடும் என்பதால் ஆட்டத்துக்கு முதல் நன்றாக நனைத்து, தண்ணீர் இறங்கிய பிறகு ஆடவிடுங்கள். அரச வேடத்துக்குரிய கரப்புடுப்பு பாரமும் வெக்கையும். மரபுக்காக ஒரு அரசனுக்கு மட்டும் அதைக் கட்டி, மற்றவர்களுக்குப் பழைய சேலையில் மடிப்பு வைத்துத் தையுங்கள். வேடம் கட்டி முடித்த பிள்ளை அதிக நேரம் காத்திருக்காதபடி கூத்தை நிகழ்ச்சியின் முதற்பாதியில் வையுங்கள்.

கணிதப் பிள்ளைகளுக்கும் ஒரு மேசை

கலைவிழா என்றால் பாடவும் ஆடவும் தெரிந்தவர்களின் விழா என்று மற்றப் பிள்ளைகள் ஒதுங்கிவிடுகிறார்கள். யூலை 19ஐ நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். 1892இல் காரைதீவில் பிறந்த விபுலானந்தர் தமிழ்ப் பேராசிரியராவதற்கு முதல் விஞ்ஞானம் படித்தவர். பழந்தமிழ் யாழைக் கணக்குப் போட்டு ஆராய்ந்தவர். எனவே தரம் 9, 10 பிள்ளைகளிடம் ஒரு ஒற்றைத் தந்தி யாழ் செய்யச் சொல்லுங்கள்.

முக்கால் மீற்றர் நீளமான பலகை. இரண்டு சிறிய மரத்துண்டுகளை 60 சென்ரிமீற்றர் இடைவெளியில் ஒட்டி, அவற்றின் மேலாகத் தடித்த தங்கூசியை (நைலோன் மீன்பிடி நூலை) இழுத்து, ஒரு முனையை ஆணியில் கட்டி, மறுமுனையில் தண்ணீர் நிறைத்த போத்தலைத் தொங்கவிடுங்கள். சத்தம் கூட வேண்டுமானால் பலகைக்குக் கீழே வெறும் பிஸ்கட் ரின்னை வையுங்கள். முழு 60ம் அதிரும்போது வருவது ச. ஒரு பென்சிலைத் தந்திக்குக் கீழே நகர்த்தி, அதிரும் பகுதியை 48 ஆக்கினால் க, 45இல் ம, 40இல் ப, 36இல் த, சரிபாதி 30இல் மேல் ச. விகிதம் படிப்பிக்கும் ஆசிரியர் இதை ஒரு பாடவேளையில் செய்து முடிக்கலாம். விழாவன்று ஏழெட்டுப் பலகைகளை வரிசையாக வைத்து, வரும் அம்மம்மாமாரையும் தட்டிப் பார்க்க விடுங்கள். சங்கீத ஆசிரியை ஒத்துழைத்தால் அந்தப் பலகைகளிலேயே ஒரு சின்னப் பாட்டும் வாசிக்கலாம்.

அம்மம்மாமாரைச் சும்மா சொல்லவில்லை. தாய் மத்திய கிழக்கில் வேலைசெய்ய, அம்மம்மாவோடு வளரும் பிள்ளைகள் எங்கள் வகுப்புகளில் நிறைய. அழைப்பிதழில் ‘பெற்றோர்’ என்று மட்டும் போடாமல் ‘பெற்றோரும் வீட்டுப் பெரியவர்களும்’ என்று போடுங்கள். முன்வரிசைக் கதிரைகளில் பாதி அவர்களுக்கு. கூத்து நடக்கும்போது கைத்தொலைபேசி உள்ள இரண்டு ஆசிரியர்களை நிற்க வைத்து, வெளிநாட்டில் இருக்கும் தாய்மாருக்குத் தங்கள் பிள்ளை ஆடுவதை நேரடியாகக் காட்டுங்கள். இதை ஒரு வேலையாகவே நிகழ்ச்சி நிரலில் எழுதி, யார் யாருக்கு எடுப்பது என்று முதல் நாளே இலக்கங்களை வாங்கி வையுங்கள்.

மற்றவை சுருக்கமாக. மங்கல விளக்கு, தமிழ்மொழி வாழ்த்து, பாடசாலைக் கீதம், அதிபரின் வரவேற்பு எல்லாம் சேர்த்து இருபது நிமிடம். பேச்சாளர் மூவர், ஆளுக்கு ஐந்து நிமிடம். இதை அழைக்கும்போதே பணிவாகச் சொல்லிவிட்டால் பெரியவர்கள் கோபிக்கமாட்டார்கள். பொன்னாடை, மாலை எல்லாம் அண்ணாவியாருக்கு முதலில். விருந்தினர் பிந்தினாலும் 3.30க்குத் தொடங்குங்கள், அவர் வரும்போது ஒரு நிகழ்ச்சி முடிந்த இடைவெளியில் வரவேற்கலாம். பாண்ட் பிள்ளைகள் பந்தலுக்குள் இருந்து வாசிக்கட்டும்.

பெற்றோரிடம் தலைக்கு இவ்வளவு என்று காசு அறவிட வேண்டாம். கூலிக்குப் போகும் வீட்டில் அந்தக் காசு ஒரு நாள் சாப்பாடு. கிடுகு, தேசிக்காய், வெள்ளரிப்பழம், அவித்த கச்சான் கடலை, ஒரு பின்னேர உழைப்பு என்று எது முடியுமோ அதைக் கேளுங்கள், மனமுவந்து தருவார்கள். ஒலிபெருக்கிக் கூலிக்கும் அண்ணாவியாரின் சன்மானத்துக்கும் பழைய மாணவர் சங்கத்தை அணுகுங்கள். அடுத்த திங்கட்கிழமை வரவுசெலவு முழுவதையும் அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். இரவல் வாங்கிய மத்தளத்தையும் சல்லரியையும் சதங்கைகளையும் பிள்ளைகளே கொண்டுபோய் ஒப்படைக்கட்டும். அண்ணாவியார் வீட்டில் அன்றைக்கே கேட்டுவிடுங்கள், அடுத்த வருடம் எந்தக் கதை எடுக்கலாம் என்று.