இத்தாலியில் முதல் ரயில் பயணம்: இருக்கை ஓரிடம், சூட்கேஸ் வேறிடம் வேண்டாம்

போன செப்டம்பரில் என் தம்பி பொலோனியாவில் ரயிலை விட்டு இறங்கியபோது இரண்டு பெரிய சூட்கேஸ்களும் அவனோடு இறங்கின. தோளில் மாட்டி வந்த கறுப்புப் பையைக் காணோம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், பொறியியல் பட்டம், எட்டுப் பருவங்களின் மதிப்பெண் தாள்கள், அவை வெளிநாட்டிலும் செல்லுபடியாக அலைந்து திரிந்து வாங்கிய அப்போஸ்டில் என்ற சான்று முத்திரைகள் எல்லாம் அந்தப் பைக்குள்தான் இருந்தன. நான் நடைமேடையில் காத்திருந்தேன். மூன்று வருடம் கழித்துப் பார்க்கிற தம்பி. கட்டிப்பிடிக்கக்கூட இல்லை. "அண்ணா, பையை எவனோ எடுத்துவிட்டான்" என்றான். அதுதான் இந்த நாட்டில் அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

இந்த வருடமும் பலர் இத்தாலிக்குப் படிக்க வரப்போகிறீர்கள். விசா, வீடு, வங்கிக் கணக்கு என்று எல்லாவற்றையும் விசாரிக்கிறீர்கள். விமான நிலையத்திலிருந்து படிக்கப்போகும் ஊருக்குப் போகும் அந்த ரயிலைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறிப் பழகியவர்களுக்கு ரயிலில் என்ன தெரியாது என்ற நினைப்பு. எனக்கும் அந்த நினைப்புதான் இருந்தது. அதனால்தான் தம்பிக்கு ஒன்றும் சொல்லித்தராமல் விட்டேன்.

டிக்கெட் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதிவேக ரயில் ஓட்டுபவை இரண்டு நிறுவனங்கள். அரசுக்குச் சொந்தமான திரெனித்தாலியாவின் ஃபிரெச்சாரோஸா ஒன்று. 2012 ஏப்ரலில் ஓடத் தொடங்கிய தனியார் ரயிலான இத்தாலோ மற்றொன்று. இரண்டும் ஒரே தண்டவாளத்தில், ஒரே நிலையங்களுக்கு இடையே, பார்வைக்கும் சிவப்பாகவே ஓடுகின்றன. ஒன்றின் டிக்கெட் மற்றதில் செல்லாது. டிக்கெட்டில் உங்கள் பெயர், ரயில் எண், தேதி, பெட்டி எண், இருக்கை எண் எல்லாம் இருக்கும். காத்திருப்போர் பட்டியல் கிடையாது, ஆர்.ஏ.சி. கிடையாது. மலிவு விலை டிக்கெட் அந்த ஒரு ரயிலுக்கு மட்டும்தான். விமானம் தாமதமாகி ரயிலைத் தவறவிட்டால் பணம் போனது போனதுதான். எனவே விமானம் இறங்கும் நேரத்துக்கும் ரயில் நேரத்துக்கும் இடையே குறைந்தது மூன்று மணி நேரம் விடுங்கள். ரோமில் இறங்கினால் ஃப்யூமிச்சீனோ விமான நிலையத்திலிருந்து லியனார்தோ எக்ஸ்பிரஸ் 32 நிமிடங்களில் தெர்மினி நிலையத்தில் கொண்டுபோய் விடும். அதில் இருக்கை எண் கிடையாது, கிடைத்த இடத்தில் உட்காரலாம். அந்தப் பழக்கத்தோடு அதிவேக ரயிலிலும் போய் உட்காராதீர்கள்.

நிலையத்தில் தெரிந்துகொள்ள வேண்டிய சொற்கள் கொஞ்சம்தான். 'பார்தென்ட்ஸே' என்றால் புறப்பாடு, 'பினாரியோ' என்றால் நடைமேடை, 'ரித்தார்தோ' என்றால் தாமதம். டிக்கெட்டில் 'கரோட்சா' என்று இருப்பது பெட்டி எண், 'போஸ்டோ' என்பது இருக்கை. அறிவிப்புப் பலகையில் ரயில் கடைசியாகப் போய்ச் சேரும் ஊரின் பெயரைத்தான் பெரிதாகப் போடுவார்கள், அதுவும் இத்தாலியப் பெயரில். நீங்கள் பொலோனியாவைத் தேடுவீர்கள். பலகையில் மிலானோ (மிலன்) என்றோ வெனேட்சியா (வெனிஸ்) என்றோ இருக்கும். ஊரைத் தேடாமல் ரயில் எண்ணைத் தேடுங்கள். நடைமேடை எண்ணும் நம் ஊர் மாதிரி முன்கூட்டியே தெரியாது. புறப்படச் சில நிமிடங்கள் இருக்கும்போதுதான் பலகையில் விழும். விழுந்ததும் மொத்தக் கூட்டமும் ஒரே திசையில் நடக்கும். தெர்மினியிலும் மிலானோ சென்ட்ராலேயிலும் நடைமேடைக்குள் நுழையவே டிக்கெட் காட்ட வேண்டும், எனவே கைபேசியில் டிக்கெட்டைத் திறந்தே வைத்திருங்கள். பொலோனியாவில் ஏறுபவர்களுக்கு இன்னொரு சிக்கல். 16 முதல் 19 வரையிலான நடைமேடைகள் பூமிக்கு அடியில் உள்ளன. 2013-இல் திறந்த அதிவேக நிலையம் அது. மேலே நின்று தேடிக்கொண்டிருந்தால் கீழே ரயில் போய்விடும். நகரும் படிகளில் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். சூட்கேஸ் இருந்தால் பத்து நிமிடம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

கதவுகளைப் புறப்படும் நேரத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள். ஓடிப்போய்க் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறும் வழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். நேரம் இருந்தால் உங்கள் பெட்டி எண் எழுதிய கதவு வரை நடைமேடையிலேயே நடங்கள். புதிய ஃபிரெச்சாரோஸாவில் எட்டுப் பெட்டிகள். முதல் பெட்டியில் விலை அதிகமான இருக்கைகள், மூன்றாவதில் காப்பிக் கடை, ஐந்திலிருந்து எட்டு வரை நம்மைப் போன்றவர்களுக்கான ஸ்டாண்டர்ட். தவறான கதவில் ஏறி, இரண்டு சூட்கேஸ்களை இழுத்துக்கொண்டு, ஓடும் ரயிலின் குறுகிய நடைபாதையில் நான்கு பெட்டிகளைக் கடப்பது உடம்பை முறித்துவிடும்.

இருக்கை விஷயத்தில் இங்கே 'கொஞ்சம் மாறி உட்காருங்களேன்' என்பது எளிதில் நடக்காது. நம் ஊரில் குடும்பத்தோடு வருபவருக்காகக் கீழ்ப் படுக்கையை விட்டுக்கொடுப்போம், பரிசோதகரும் பார்த்துச் சரிசெய்துவிடுவார். இங்கே உங்கள் எண்ணில் நீங்கள் உட்கார வேண்டும். அடுத்த நிறுத்தத்தில் அந்த இருக்கைக்குரியவர் வந்து டிக்கெட்டை நீட்டுவார், நீங்கள் மூட்டையோடு எழுந்து அலைய வேண்டியிருக்கும். சேர்ந்து வருபவர்கள் சேர்த்தே முன்பதிவு செய்துவிடுங்கள். ரயில் எந்தப் பக்கம் ஓடுகிறது, முகம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். புளோரன்ஸின் பெரிய நிலையத்தில் தண்டவாளம் அதோடு முடிந்துவிடுகிறது. அங்கே நிற்கிற ரயில் வந்த வழியே பின்னோக்கிக் கிளம்பும், முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தவர் பின்பக்கம் பார்த்துப் போவார்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். இருக்கையைத் தேர்ந்தெடுக்கும்போது ஜன்னலைப் பார்க்காதீர்கள், சாமான் தட்டைப் பாருங்கள்.

இந்த ரயில்களில் சாமான் வைக்க மூன்று இடங்கள் உண்டு. தலைக்கு மேலே உள்ள தட்டு. முதுகோடு முதுகாக அமைந்த இருக்கைகளுக்கு நடுவில் கூரை வடிவில் விழும் இடைவெளி. கதவுக்குப் பக்கத்தில், பெட்டியின் கோடியில் இருக்கும் அடுக்குத் தட்டு. 23 கிலோ சூட்கேஸைத் தலைக்கு மேலே தூக்கி வைக்க முடியாது. இடைவெளியை முதலில் ஏறியவர்கள் நிரப்பிவிடுவார்கள். எனவே புதிதாக வருபவர் அத்தனை பேரும் கதவருகே உள்ள அடுக்கில் வைத்துவிட்டு, பெட்டியின் நடுவில் எங்கோ இருக்கும் தம் எண்ணுக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். அங்கிருந்து பார்த்தால் தட்டு தெரியாது. ரயில் ஒவ்வொரு நிலையத்தில் நிற்கும்போதும் அந்தத் தட்டுதான் இறங்குபவரின் கைக்கு எட்டும் முதல் இடம்.

தம்பி செய்ததும் அதுதான். ஊரிலிருந்து கிளம்பி ஒரு நாளுக்கு மேல் ஆகியிருந்தது. தோள் வலிக்கிறது என்று கறுப்புப் பையையும் கழற்றிச் சூட்கேஸ்களுக்கு மேலேயே வைத்துவிட்டான். ரோமிலிருந்து பொலோனியா இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். நடுவில் ஒரு நிறுத்தம். அங்கே இறங்குபவர்களும் ஏறுபவர்களும் முட்டி மோதிக்கொண்டிருக்க, அவன் இருக்கையில் கண்ணை மூடியிருந்தான். புளோரன்ஸுக்கும் பொலோனியாவுக்கும் இடையே உள்ள அதிவேகப் பாதை ஏறக்குறைய 78 கிலோமீட்டர். அதில் 73 கிலோமீட்டர் மலைக்கு அடியில் சுரங்கம். அந்த இருட்டில் விழித்துக்கொண்டு, கழிவறைக்குப் போகும் வழியில்தான் தட்டைப் பார்த்திருக்கிறான். பூட்டிய சூட்கேஸ்களைத் தொட்டவர் யாருமில்லை. தூக்கிக்கொண்டு நடக்க எளிதாக இருந்த பை போய்விட்டது. எடுத்தவனுக்கு அந்தத் தாள்களால் ஐந்து காசு பயனில்லை. ஏதாவது குப்பைத் தொட்டியில் போட்டிருப்பான். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

அம்மா அவனுக்குச் சங்கிலியும் பூட்டும் கொடுத்திருந்தாள். ரயிலடியில் விற்கிற அதே சங்கிலி. கீழ்ப் படுக்கைக்கு அடியில் உள்ள வளையத்தில் கோத்துப் பூட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குவோமே, அது. "ஐரோப்பாவில் அதெல்லாம் தேவையில்லை, எடை கூடும், எடுத்துவிடு" என்று கைபேசியில் சொன்னவன் நான்தான். அவள் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும். அந்த அடுக்குத் தட்டுகளுக்குக் கம்பிகள் உண்டு. சங்கிலியையோ சைக்கிள் பூட்டையோ சூட்கேஸ் கைப்பிடியிலும் கம்பியிலும் கோத்துப் பூட்டினால் நிறுத்தத்தில் இழுத்துக்கொண்டு ஓட முடியாது. யார் என்ன நினைப்பார்களோ என்று கூச்சப்பட வேண்டாம். நான் இப்போது ஒவ்வொரு பயணத்திலும் பூட்டுகிறேன்.

முன்பதிவின்போது பெட்டியின் படம் வரும். தட்டு இருக்கும் கோடியின் கடைசி வரிசைகளில், தட்டைப் பார்த்தபடி இருக்கும் இருக்கையை எடுங்கள். கூடுதல் கட்டணம் கேட்டாலும் கொடுங்கள். கிடைக்கவில்லை என்றால் சீக்கிரம் ஏறி, முதுகுகளுக்கு இடையே உள்ள இடைவெளியைப் பிடியுங்கள். ரயில் எங்கெல்லாம் நிற்கும் என்று எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நிறுத்தத்திலும் எழுந்துபோய், கதவு மூடும்வரை சாமானுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். பாஸ்போர்ட், விசா, மூலச் சான்றிதழ்கள், பணம், மருந்து ஆகியவை இருக்கும் பை உங்கள் மடியை விட்டு நகரக்கூடாது. கழிவறைக்கும் அதோடு போங்கள். தம்பியின் பாஸ்போர்ட் சட்டைக்குள் கழுத்தில் தொங்கியது, அதனால்தான் தப்பித்தோம். வந்த 8 வேலை நாட்களுக்குள் தபால் நிலையத்தில் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். பாஸ்போர்ட்டும் போயிருந்தால் அதற்கே வழியில்லாமல் போயிருக்கும்.

சூட்கேஸ் அளவுக்கும் வரம்பு உண்டு, இரண்டு நிறுவனங்களுக்கும் வேறுவேறு. டிக்கெட் வாங்கும்போதே விதியைப் படித்துவிடுங்கள். நடைபாதையில் நிறுத்தி வைத்தால் 'கபோத்ரேனோ' எனப்படும் ரயில் பொறுப்பாளர் எடுக்கச் சொல்வார். அப்போது எடுத்து வைக்க உங்களுக்கு எங்கும் இடம் இருக்காது. மூன்று சூட்கேஸ் வேண்டாம், ஒருவருக்கு இரண்டு போதும். அரிசி இங்கே கிடைக்கிறது, குக்கரும் கிடைக்கிறது. மிளகாய்ப்பொடியும் இட்லிப் பொடியும் மட்டும் கொண்டு வாருங்கள், அந்த ருசி இங்கே எந்தக் கடையிலும் இல்லை.

பெரிய நிலையங்களில் சீருடை இல்லாத ஒருவர் சிரித்துக்கொண்டே வந்து உங்கள் சூட்கேஸைத் தூக்கி ரயிலில் வைப்பார், பிறகு பணம் கேட்பார். நம் ஊர்ச் சிவப்புச் சட்டைப் போர்ட்டர் என்று நினைத்துக் கொடுத்துவிடாதீர்கள். 'நோ, கிராட்சியே' என்று சொல்லிவிட்டு, கைப்பிடியை விடாமல் நடங்கள். டிக்கெட் இயந்திரத்தின் அருகில் உதவ வருபவர்களிடமும் அப்படியே.

திருட்டு நடந்துவிட்டால் முதலில் கபோத்ரேனோவிடம் சொல்லுங்கள். கையோடு கொண்டுவரும் சாமானுக்குப் பயணிதான் பொறுப்பு என்ற பதில் வரும், அதைக் கேட்டு மனம் உடைய வேண்டாம். இறங்கியதும் நிலையத்தில் உள்ள ரயில்வே போலீஸ் அலுவலகத்துக்குப் போங்கள். 'போல்ஃபேர்' என்று பலகை இருக்கும். அங்கே 'தெனூன்ச்சா' எனப்படும் புகார் கொடுத்து, முத்திரையிட்ட நகலைக் கேட்டு வாங்குங்கள். அந்தத் தாள் இல்லாமல் ஊரில் எதற்கும் மாற்றுப் பிரதி கேட்க முடியாது. பையில் என்னென்ன இருந்தன என்று ஒவ்வொன்றாக, சான்றிதழ் எண்ணோடு எழுதச் சொல்லுங்கள். தம்பியின் புகாரில் 'கல்விச் சான்றிதழ்கள்' என்று பொதுவாக எழுதிவிட்டோம். அந்தப் புகாரையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அனுப்பிய பிறகு, எந்தச் சான்றிதழ் என்று இதில் இல்லையே என ஓர் அலுவலகத்தில் திருப்பி அனுப்பினார்கள். மறுபடி போலீஸ், மறுபடி மொழிபெயர்ப்பு. திருநெல்வேலிக்கும் சென்னைக்கும் அப்பா ஐந்து முறை போய்வந்தார். அவருக்கு வயது அறுபத்து மூன்று. கடைசிச் சான்றிதழ் மார்ச் மாதம்தான் கைக்கு வந்தது. கிளம்பும் முன் எல்லாவற்றையும் இருபுறமும் ஸ்கேன் செய்து, மின்னஞ்சலில் ஒரு பிரதியும் வீட்டில் ஒரு பிரதியும் வைத்துவிட்டு வாருங்கள்.

ரயிலைக் குறை சொல்லவே இதை எழுதினேன் என்று நினைக்க வேண்டாம். மணிக்கு 300 கிலோமீட்டர் ஓடும் வண்டியில் மேசைமேல் தண்ணீர் குவளை அசையாமல் நிற்கிறது. புளிச்சோறு கட்டிக்கொண்டு போய்ச் சாப்பிடலாம், யாரும் எதுவும் சொல்வதில்லை. விழுப்புரம் தாண்டியதும் 'காப்பி, காப்பி' என்று ஒரு குரல் வருமே, அதுதான் இங்கே இல்லை.

வரும் மே மாதம் அப்பாவும் அம்மாவும் முதல் முறையாக வருகிறார்கள். ரோமில் இறங்குகிறார்கள். நானும் தம்பியும் தெர்மினிக்கே போய் அழைத்துவரப் போகிறோம். நான்கு இருக்கைகளும் பதிவாகிவிட்டன, பெட்டியின் கோடியில், சாமான் தட்டுக்கு நேர் எதிரே. ரயிலடியில் இரண்டு சங்கிலிகள் வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். ஒன்று தம்பிக்கு.